மூழ்கிய கப்பல்கள்: திரும்பத் திரும்ப இறங்கத் தோன்றுவது எது?

அலைவாய்

வெதுவெதுப்பான கடல்களில், கரையை ஒட்டிக் கிடக்கும் மூழ்கிய கப்பல்களைப் பற்றி மட்டும் பேசலாம் என்று இந்த இழையைத் தொடங்குகிறேன். 'உலகின் தலைசிறந்த பத்து' மாதிரிப் பட்டியல் வேண்டாம், அது எங்கும் கிடைக்கிறது. ஒரு கப்பலைச் சொல்லுங்கள், ஏன் அது என்றும் சொல்லுங்கள்.

என்னுடையது பாலித் தீவின் துலாம்பென் கரையில் கிடக்கும் லிபர்ட்டி. அமெரிக்கச் சரக்குக் கப்பல். 1942 ஜனவரி 11 அன்று லோம்போக் நீரிணைக்கு அருகே ஜப்பானிய நீர்மூழ்கி ஒன்று டார்பிடோவால் அடித்தது. கட்டி இழுத்துத் துறைமுகம் சேர்க்கப் பார்த்தார்கள், தண்ணீர் ஏறிக்கொண்டே போனதால் துலாம்பென் கரையில் தரைதட்ட வைத்துவிட்டார்கள். அங்கேயே இருபது வருடத்துக்கு மேல் கிடந்தது. 1963-ல் ஆகுங் எரிமலை வெடித்தபோது நிலம் அதிர்ந்து, கப்பல் சரிந்து கடலுக்குள் போனது. பெயரை வைத்து இதை இரண்டாம் உலகப் போரின் 'லிபர்ட்டி' வகைக் கப்பல் என்று பலர் எழுதுகிறார்கள். அப்படி இல்லை, இது 1918-லேயே கட்டியது.

எனக்கு ஏன் பிடிக்கும் என்றால், இந்தக் கப்பல் நேரம் கொடுக்கிறது. படகு வேண்டாம். கருங்கற்கள் மேல் நடந்து தண்ணீரில் இறங்கி, கொஞ்சம் நீந்தினால் வந்துவிடும். மேல் நுனி சுமார் 5 மீட்டரில், அடிப்பக்கம் 30 மீட்டரை ஒட்டி. முதலில் ஆழத்தைப் பார்த்துவிட்டு மெல்ல மேலே ஏறி வந்தால், வெளியே வருமுன் சில நிமிடம் நிற்க வேண்டிய சேஃப்டி ஸ்டாப்பைக்கூடக் கப்பலைப் பார்த்துக்கொண்டே முடிக்கலாம். விடியற்காலையில் இறங்கினால், நெற்றி புடைத்த பெரிய கிளிமீன்கள் இரவு தூங்கிய இடத்திலிருந்து கூட்டமாகக் கிளம்புவதைப் பார்க்கலாம். ஒவ்வொன்றும் ஒரு மீட்டர் நீளத்துக்கு இருக்கும். அதே கப்பலில் விசிறிப் பவளம் ஒன்றின் முன்னால் அசையாமல் நின்றால், அரிசி மணியை விடக் கொஞ்சம் பெரிய குட்டைக் கடற்குதிரை ஒரு கிளையில் வாலைச் சுற்றியிருப்பது தெரியும். அதைக் கண்டுபிடிக்கவே சில நிமிடம் ஆகும். 40 மீட்டரில் அந்தச் சில நிமிடம் நமக்குக் கிடைக்காது.

சுக்கான்

கிளிமீனும் கடற்குதிரையும் பவளப் பாறையிலும் கிடைக்குமே நண்பரே. கப்பலில் இறங்குவது கப்பலைப் பார்க்கத்தானே? அப்படி என்றால் செங்கடலின் திஸில்கோர்ம்தான்.

1940-ல் சண்டர்லாந்தில் கட்டிய பிரிட்டிஷ் சரக்குக் கப்பல். வட ஆப்பிரிக்கப் போர்முனைக்குச் சாமான் ஏற்றிக்கொண்டு நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வந்து, சூயஸ் கால்வாய்க்குள் போக முறை வரும்வரை ஷாப் அலி பாறைக்குப் பக்கத்தில் நங்கூரம் போட்டு நின்றது. 1941 அக்டோபர் 6, நள்ளிரவு தாண்டி, ஜெர்மானிய ஹைன்கெல் குண்டுவீச்சு விமானங்கள் வந்தன. குண்டு விழுந்தது பின்பக்கச் சரக்கறையில். அங்கேதான் வெடிமருந்து இருந்தது. கப்பல் இரண்டாகி மூழ்கியது, ஒன்பது பேர் இறந்தார்கள். மேல்தளத்தில் ஏற்றியிருந்த ரயில் இன்ஜின்கள் தூக்கி எறியப்பட்டுக் கப்பலுக்கு வெளியே மணலில் போய் விழுந்தன. இன்றும் அங்கேயே நிற்கின்றன.

முன்பக்கச் சரக்கறைக்குள் போனால் பெட்ஃபோர்ட் லாரிகள் வரிசையாக நிற்கும். அவற்றின் முதுகில் பிஎஸ்ஏ, நார்ட்டன் மோட்டார் சைக்கிள்கள், ஏற்றி அனுப்பியபோது எப்படி நெருக்கி நிறுத்தினார்களோ அப்படியே. டார்ச்சை ஒரு சக்கரத்தின் மேல் பிடித்தால் கம்பிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகின்றன. இருக்கையின் தோல் போய்விட்டது, அடியில் இருந்த சுருள் கம்பி மட்டும் நிற்கிறது. ஒரு மூலையில் ரப்பர் பூட்ஸ் குவியல். இரும்பு கரைந்துபோகிறது, ரப்பர் அப்படியே இருக்கிறது. யாரோ போட்டுக்கொண்டு நடக்க வேண்டிய பூட்ஸ் அது. பவளப் பாறையில் இந்த உணர்வு வராது.

கடற்பஞ்சு

திஸில்கோர்மின் சிறப்பை மறுக்கவில்லை. ஆனால் 'கப்பலைப் பார்க்கப் போகிறோம், மீனைப் பார்க்க அல்ல' என்று பிரித்துப் பேச முடியாத ஒரு கப்பல் இருக்கிறது: ஆஸ்திரேலியாவின் யோங்காலா.

1911 மார்ச் 23, குவீன்ஸ்லாந்துக் கரைக்கு அப்பால் புயலில் சிக்கி மறைந்தது. கப்பலில் இருந்த 122 பேரில் ஒருவரும் தப்பவில்லை. கம்பியில்லாத் தந்திக் கருவி அப்போது அந்தக் கப்பலில் பொருத்தப்படவில்லை, புயல் எச்சரிக்கையை அதற்குச் சொல்ல வழியே இல்லாமல் போயிற்று. எங்கே கிடக்கிறது என்பது உறுதியானதே 1958-ல்தான்.

சுற்றிலும் வெறும் மணல். பெரிய பவளத்திட்டு எதுவும் பக்கத்தில் இல்லை. அந்த மணல்வெளியில் 109 மீட்டர் நீளத்துக்கு ஒரே ஒரு திடமான பொருள், அதன் மேல் நீரோட்டம் உணவைக் கொண்டுவந்து கொட்டிக்கொண்டே இருக்கிறது. அதனால் அந்தக் கடல்பரப்பில் ஒதுங்க இடம் தேடும் உயிரெல்லாம் அங்கே கூடிவிட்டது. மாபெரும் களவா, பாரைக் கூட்டம், சீலா, புள்ளித் திருக்கை, ஆமை, ஆலிவ் நிறக் கடல் பாம்பு. பாம்பு பயப்படுத்தும் என்று நினைத்தால், அது நம் ஃபின்னை (கால்துடுப்பை) ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போகிறது. கப்பலின் விலாப்பக்கம் முழுக்க மென்பவளம் மூடியிருப்பதால் இரும்பு எங்கே முடிகிறது, உயிர் எங்கே தொடங்குகிறது என்று சொல்லவே முடியாது.

உள்ளே போகச் சட்டப்படி அனுமதி கிடையாது. வெளியே மட்டும்தான்.

சுக்கான்

> உள்ளே போகச் சட்டப்படி அனுமதி கிடையாது.

அதுதான் எனக்கு மனசு ஒப்பவில்லை. வாசல் வரை போய்த் திரும்பி வருவதைப் போல இருக்காதா?

கடற்பஞ்சு

இருக்காது. அங்கே இறந்தவர்களின் எச்சங்கள் உள்ளேதான் இருக்கின்றன. இன்னொன்று, நம் மூச்சுக்குமிழி. கூரைக்கு அடியில் அது தேங்கினால் அந்த இடத்தில் இரும்பு வேகமாக அரிக்கும். மேலே ஒட்டி வளர்ந்த பஞ்சும் பவளமும் காற்றில் மாட்டிச் சாகும். உங்கள் திஸில்கோர்மிலேயே இந்தப் பிரச்சினைக்காகத் தளத் தகடுகளில் துளை போட்டுக் காற்று வெளியேற வழி செய்ய வேண்டி வந்தது. படகுகள் கப்பலின் மேலேயே கயிறு கட்டி இழுத்து இழுத்துச் சேதமான பகுதிகளும் உண்டு. யோங்காலா நூறு வருடத்துக்கு மேல் தாங்கி நிற்கிறது என்றால், யாரும் உள்ளே போகாததும் ஒரு காரணம் என்றே நான் நம்புகிறேன்.

நூலேணி

பயிற்றுநர் என்ற முறையில் இந்த இடத்தில் நுழைகிறேன். உள்ளே போவது சரியா தவறா என்பது ஒரு கேள்வி. யார் போகலாம் என்பது வேறு கேள்வி. இரண்டாவதைத்தான் ஆட்கள் சட்டென்று தாண்டிப் போகிறார்கள்.

திறந்த கடலில் ஏதாவது நடந்தால் மேலே போகலாம். கப்பலுக்குள் மேலே இருப்பது இரும்பு. உள்ளே வெளிச்சம் இருக்கும்போது எல்லாம் எளிதாகத் தெரியும். பிரச்சினை வண்டலில் இருக்கிறது. பல வருடமாகப் படிந்த மெல்லிய சேறு, ஒரு ஃபின் தவறாக அசைந்தால் கிளம்பும். அப்புறம் டார்ச் வெளிச்சம் பழுப்புச் சுவரில் முட்டித் திரும்பும், கையில் பிடித்திருக்கும், காற்றின் அளவு காட்டும் கேஜே தெரியாது. ஃபின் அசையாவிட்டாலும் நம் குமிழிகள் கூரையில் மோதி, துரு பொடிப்பொடியாக உதிரும். அதாவது நாம் உள்ளே போகும்போது பார்த்த பாதை, திரும்பும்போது அதே பாதையாக இருக்காது. அதனால்தான் ரீலில் இருந்து நூல் விட்டுக்கொண்டே போக வேண்டும். சிலிண்டரில் மூன்றில் ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு திரும்புவதற்கு, ஒரு பங்கு ஆபத்துக்கு என்று வைக்க வேண்டும். ஆளுக்கு ஒரு டார்ச் போதாது, மாற்று டார்ச்சும் வேண்டும். சாதாரண 'ரெக் டைவர்' (மூழ்கிய கப்பலில் இறங்கும்) பயிற்சி முடித்தவர்கள் நுழைந்த வாசலின் பகல் வெளிச்சம் கண்ணில் படும் தூரத்துக்குள் நிற்க வேண்டும்.

பக்கத்தில் இருவழியும் திறந்த சரக்கறை வழியாக நுழைந்து மறுபக்கம் வருவது வேறு. இன்ஜின் அறைக்குள் போவது வேறு. இரண்டையும் 'உள்ளே போனேன்' என்று ஒரே வார்த்தையில் சொல்லாதீர்கள்.

எனக்குப் பிடித்தது கேட்டீர்கள். பசிபிக் தீவு நாடான வனுவாட்டுவின் எஸ்பிரிட்டு சாண்டோ தீவில் கிடக்கும் பிரசிடென்ட் கூலிட்ஜ். 1931-ல் தொடங்கிய அமெரிக்கச் சொகுசுக் கப்பல், போரில் துருப்புக் கப்பலாக மாறியது. 1942 அக்டோபர் 26 அன்று துறைமுகத்துக்குள் நுழையும்போது சொந்த நாட்டுக் கண்ணிவெடிகளிலேயே மோதியது. பாதுகாப்பான வழி எது என்ற விவரம் கேப்டனுக்குக் கிடைத்திருக்கவில்லை. கப்பலை நேராகக் கரையில் ஏற்றினார். 5,340 பேரில் இரண்டு பேர் தவிர எல்லாரும் பிழைத்தார்கள். அந்த இருவரில் ஒருவர் கேப்டன் எல்வுட் யூவார்ட் என்ற பீரங்கிப் படை அதிகாரி. தான் தப்பிவிட்ட பிறகு, உள்ளே மாட்டிய வீரர்களை மீட்கத் திரும்பிப் போனவர். அவர்களை வெளியேற்றினார், அவரால் வெளியேற முடியவில்லை.

199 மீட்டர் நீளக் கப்பல். முன்பக்கம் சுமார் 20 மீட்டரில், பின்பக்கம் 70 மீட்டரில். இடப்பக்கமாகச் சரிந்து கிடப்பதால் தரை சுவராகவும் சுவர் தரையாகவும் மாறியிருக்கும். புகைபிடிக்கும் அறையில் இருந்த பீங்கான் சிற்பம், ஒரு பெண்ணும் ஒற்றைக்கொம்புக் குதிரையும், இன்னும் இருக்கிறது. அதைப் பார்க்கவே பலர் போகிறார்கள். ஆழம் மெதுவாகக் கூடிக்கொண்டே போவதுதான் இந்தக் கப்பலின் அழகு, ஆபத்தும் அதுதான். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று இழுக்கும். எந்த மீட்டரில் திரும்புவது என்பதைத் தண்ணீருக்கு மேலேயே முடிவு செய்துவிட வேண்டும்.

பாரை

அருமையான இழை. ஒரு சந்தேகம். நான் அடிப்படைப் பயிற்சி மட்டும் முடித்திருக்கிறேன், 18 மீட்டர்தான் வரம்பு. நீங்கள் சொல்வதெல்லாம் எனக்கு எட்டாத ஆழமாக இருக்கிறதே. லிபர்ட்டி தவிர ஏதாவது உண்டா?

அலைவாய்

நிறைய உண்டு. நெதர்லாந்து அரசைச் சேர்ந்த கரீபியன் தீவு அரூபாவின் ஆண்டில்லா: ஜெர்மானியச் சரக்குக் கப்பல், 1940 மே 10-ல், நெதர்லாந்தை ஜெர்மனி தாக்கிய அன்று, எதிரி கைக்குப் போகக் கூடாது என்று மாலுமிகளே மூழ்கடித்தது. சுமார் 18 மீட்டர் தண்ணீரில் சாய்ந்து கிடக்கிறது, மேல்பகுதியை ஸ்நார்க்கெல் போட்டே பார்க்கலாம்.

உப்புக்காற்று

பாரை, பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளின் ரோன் கப்பலையும் குறித்துக்கொள்ளுங்கள். 1867 அக்டோபர் 29 சூறாவளியில் சால்ட் தீவின் பாறையில் மோதியது. கொதிக்கும் பாய்லருக்குள் குளிர்ந்த கடல்நீர் பாய்ந்து வெடித்து, கப்பல் இரண்டானது. முன்பாதி 25 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது, அது உங்களுக்குப் பிறகு. பின்பாதி ஆழம் குறைந்த இடத்தில். வெண்கல ப்ரொப்பெல்லரின் இறக்கைகள் பாறைக்கு இடையில் இன்னும் தெரிகின்றன. பாயும் நீராவியும் சேர்ந்து ஓடிய காலத்துக் கப்பல் என்பதால், இரண்டாம் உலகப் போர்க் கப்பல்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இதன் உடற்கூறே புதிதாக இருக்கும்.

நங்கூரம்

எல்லாரும் விபத்தையும் போரையுமே சொல்கிறீர்கள். வேண்டுமென்றே மூழ்கடித்த கப்பல்களுக்காக நான் பேசுகிறேன். ஃப்ளோரிடாவின் கீ லார்கோவில் ஸ்பீகல் குரோவ். 155 மீட்டர் நீளமான அமெரிக்கக் கடற்படைக் கப்பல். 2002 மே 17-ல் செயற்கைப் பவளப்பாறையாக மூழ்கடிக்க ஏற்பாடு நடந்தபோது, குறித்த நேரத்துக்கு முன்பே தண்ணீர் ஏறித் தலைகீழாகக் கவிழ்ந்தது. முன்பக்கம் வெளியே துருத்திக்கொண்டு நின்றது. சில வாரம் போராடிப் பக்கவாட்டில் படுக்க வைத்தார்கள், அதற்கு மேல் மனிதரால் முடியவில்லை. 2005 ஜூலையில் டென்னிஸ் சூறாவளி வந்தது. அது கடந்த பிறகு இறங்கிப் பார்த்தால் கப்பல் நிமிர்ந்து நிற்கிறது!

இந்தக் கப்பல்களில் ஒரு நல்லது: எண்ணெய், நச்சுப் பொருள், தொங்கும் கேபிள், கதவு எல்லாம் அகற்றி, வெளியேற வழிகள் வெட்டி வைத்த பிறகுதான் இறக்குகிறார்கள். முக்கியமாக, யாருடைய சாவின் மேலும் நாம் நீந்தவில்லை. எனக்கு அது நிம்மதி.

சுக்கான்

ஆனால் அதில் கதை எங்கே? காலியான அறைகள்தானே.

நங்கூரம்

ஸ்பீகல் குரோவின் கதை மூழ்கிய நாளில் தொடங்குகிறது. முதல் வருடம் வெறும் பெயிண்ட் பூசிய இரும்பு. அப்புறம் பாசி, அப்புறம் சிப்பியும் பஞ்சும், அப்புறம் மீன். ஒரு சுவர் எந்த வரிசையில் நிரம்புகிறது என்பதை ஆண்டுக்கு ஆண்டு பார்க்க முடிவது இத்தகைய கப்பலில்தான். தேதி நமக்குத் தெரியும் அல்லவா? பூட்ஸ் குவியல் உங்களை நிறுத்தியது போல, ஒரு கைப்பிடிக் கம்பியில் முதல் பவள மொட்டைப் பார்த்தது என்னை நிறுத்தியது.

சுக்கான்

சரி, இதை இப்படி நான் யோசித்ததில்லை. ஒத்துக்கொள்கிறேன்.

கடற்பஞ்சு

சாவைப் பற்றி நங்கூரம் சொன்னதைப் பேசாமல் விடக் கூடாது. பசிபிக்கில் மைக்ரோனேசியாவின் ட்ரூக் காயலில் 1944 பிப்ரவரி 17, 18 இரண்டு நாள் அமெரிக்க விமானத் தாக்குதலில் மூழ்கிய ஜப்பானியக் கப்பல்கள் பல. ஃபுஜிகாவா மாரு நிமிர்ந்து நிற்கிறது, சரக்கறையில் ஜீரோ போர் விமானத்தின் பாகங்கள். அழகில் குறைவே இல்லை. ஆனால் அந்தக் காயல் ஆயிரக்கணக்கானோரின் கல்லறை. மட்டக்களப்புக்கு அப்பால் கிடக்கும் ஹெர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பலும் அப்படியே. 1942 ஏப்ரல் 9, 307 பேர். 50 மீட்டருக்கும் கீழே இருப்பதால் ஆழத்துக்கான சிறப்புப் பயிற்சி பெற்ற டெக்னிக்கல் டைவர்களுக்கு மட்டும்.

எடுத்துச் செல்வது பற்றி: திஸில்கோர்ம் மோட்டார் சைக்கிள்களில் கழற்றக்கூடிய பாகங்கள் எத்தனையோ காணாமல் போய்விட்டன. ஒவ்வொருவரும் 'ஒன்றுதானே' என்று நினைத்திருப்பார்கள். 2001 யுனெஸ்கோ உடன்படிக்கை நூறு வருடம் தண்ணீருக்கடியில் இருந்ததைப் பாரம்பரியச் சின்னமாக எண்ணுகிறது. இரண்டாம் உலகப் போர்க் கப்பல்கள் அந்த வயதை எட்ட இன்னும் பல வருடம் இருக்கிறது. பல நாடுகள் தங்கள் சட்டத்தில் முன்பே காப்பாற்றுகின்றன, ஆனாலும் அதுவரை காவல் என்பது பெரும்பாலும் நாம்தான்.

உப்புக்காற்று

வழிமொழிகிறேன். ரோனில் ஒரு பித்தளைச் சன்னல் வளையம் உண்டு, அதிர்ஷ்டம் என்று சொல்லி ஆளாளுக்குத் தேய்த்துத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிவிட்டார்கள். எடுத்துப் போவது போல அல்லதான். ஆனாலும் அந்த வளையத்தில் மட்டும் ஒரு உயிரும் ஒட்ட முடியவில்லை.

என் கப்பலைச் சொல்லிவிடுகிறேன்: போர்ட் சூடானுக்கு அருகே விங்கேட் பாறையில் உம்பிரியா. இத்தாலியக் கப்பல், உள்ளே சுமார் 3,60,000 வெடிகுண்டுகள். 1940 ஜூன் 10-ல் பிரிட்டிஷ் வீரர்கள் ஏறிச் சோதனை நடத்திக்கொண்டிருந்தபோது, இத்தாலி போரில் இறங்கிய செய்தியை கேப்டன் லோரென்சோ முயெசான் வானொலியில் கேட்டுவிட்டார். பிரிட்டிஷாருக்கு அது இன்னும் தெரியாது. 'உயிர்காப்புப் பயிற்சி' என்று அனுமதி வாங்கி, தன் ஆட்களைப் படகில் இறக்கி, கீழே வால்வுகளைத் திறந்துவிடச் செய்தார். ஒரு உயிர் போகவில்லை. ஆஸ்திரியக் கடலடிப் படப்பிடிப்பாளர் ஹான்ஸ் ஹாஸ் 1949-ல் அங்கே இறங்கிப் படமெடுத்தார். குண்டுகள் இன்றும் அடுக்கு குலையாமல் இருக்கின்றன, சரக்கறை ஒன்றில் மூன்று ஃபியட் கார்கள். மேல்பகுதி சில மீட்டர் ஆழத்தில்தான். 2023-ல் சூடானில் போர் வெடித்ததிலிருந்து அந்தப் பக்கம் போவது எளிதல்ல.

பாரை

எல்லாருக்கும் நன்றி. முதலில் லிபர்ட்டி என்று முடிவு. பிறகு அடுத்த கட்டப் பயிற்சி எடுத்து 30 மீட்டர் போகலாம் என்று இருக்கிறேன். அதோடு நைட்ராக்ஸும் (ஆக்சிஜன் கூட்டிய காற்று) படிக்கட்டுமா? கப்பல்களுக்கு அது உண்மையிலேயே உதவுமா?

நூலேணி

உதவும். பெரும்பாலான நல்ல கப்பல்கள் 20 முதல் 30 மீட்டருக்குள் கிடக்கின்றன, நைட்ராக்ஸ் பயன்படும் ஆழமும் அதுதான். 30 மீட்டரில் சாதாரணக் காற்றில் முதல் டைவுக்கு அட்டவணைப்படி சுமார் 20 நிமிடம் இருக்கலாம், 32 சதவீத ஆக்சிஜன் உள்ள நைட்ராக்ஸில் சுமார் 30. அந்தக் கூடுதல் பத்து நிமிடத்தில் ஒரு சரக்கறையை நிதானமாகப் பார்த்துவிடலாம். ஆனால் இரண்டை மறக்காதீர்கள். 32 சதவீதத்தை வைத்துக்கொண்டு 33 மீட்டருக்குக் கீழே போகக் கூடாது, ஆக்சிஜனே நஞ்சாகும். மற்றது, நைட்ராக்ஸ் சிலிண்டரை நீட்டித் தராது. 30 மீட்டரில் அழுத்தம் மேற்பரப்பைப் போல நான்கு மடங்கு, காற்றும் நான்கு மடங்கு வேகத்தில் தீரும். உங்கள் கம்ப்யூட்டர் இன்னும் பத்து நிமிடம் காட்டும்போதே கேஜ் திரும்பச் சொல்லும். புதியவர்களுக்குப் பெரும்பாலும் கேஜ்தான் முதலில் முடியும். அதனால் முதலில் லிபர்ட்டியின் ஆழம் குறைந்த பக்கத்தில் மிதப்பைச் சரியாகப் பிடிக்கப் பழகுங்கள். கை அசைக்காமல், தவளை உதையில், ஒரு கம்பியையும் தொடாமல் ஒரே உயரத்தில் நிற்க வந்துவிட்டால் மூச்சு தானாகக் குறையும். நைட்ராக்ஸ் வகுப்பை அதற்குப் பிறகு எடுங்கள்.